புரதம் என்பது ஒரே பொருளன்று

சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் அறையில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் சொற்களுள் ஒன்று புரதம். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது என்றால் அதை ஈடுசெய்யக் கூடுதலாக உண்ண வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார். பருப்பையும் முட்டையையும் அறவே நிறுத்தியும் கால் வீக்கம் வடியவில்லையே என்று மற்றொருவர் வருந்துகிறார். இரத்தத்தில் ஆல்புமின் குறைவு என்ற அறிக்கையைக் கண்டவுடன் கடைக்குச் சென்று புரதமாவு வாங்கிவரும் குடும்பத்தினரும் உண்டு.

இக்கேள்விகள் அனைத்திற்கும் பின்னால் ஒரே எண்ணம் இருக்கிறது. உப்பு, சர்க்கரை போலப் புரதமும் ஒரே பொருள். அது உடலில் கூடும் அல்லது குறையும் என்பதே அது. உண்மை வேறு. நமது மரபணுத் தொகுதியில் புரதங்களுக்கான குறிப்புகளைத் தாங்கிய மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றிலிருந்து உருவாகும் ஒவ்வொரு புரதத்திற்கும் தனி வடிவம் உண்டு. அந்த வடிவமே அதன் பணியைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், மருத்துவ அறிக்கையில் வரும் பல சொற்கள் அச்சம் தராமல் பொருள் தரத் தொடங்கும். அதற்காகவே இக்கட்டுரை.

சங்கிலியும் அதன் வரிசையும்

புரதத்தின் அடிப்படை அலகு அமினோ அமிலம். நம் உடற்புரதங்கள் பெரும்பாலும் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் 9 வகைகளை உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஓர் அமினோ அமிலம் அடுத்ததுடன் பெப்டைடு பிணைப்பால் இணைந்து நீண்ட சங்கிலியாகிறது. எந்த அமினோ அமிலத்திற்குப் பின் எது வருகிறது என்ற இந்த வரிசையே புரதத்தின் முதல்நிலை அமைப்பு.

நீரிழிவு நோயாளிகள் நன்கறிந்த இன்சுலினை எடுத்துக்கொள்வோம். அது மிகச் சிறிய புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட மற்றொன்றும் கந்தகப் பிணைப்புகளால் இணைந்து, மொத்தம் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் சாங்கர் இவ்வரிசையை முழுமையாகக் கண்டறிந்தார். அதற்காக 1958இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு புரதத்திற்கும் மாறாத, திட்டவட்டமான வரிசை ஒன்று உண்டு என்பது அவரது ஆய்வால் உறுதியாயிற்று.

வரிசையில் ஓரெழுத்து மாறினால் என்ன ஆகும்? 'கடல்' என்ற சொல்லின் முதலெழுத்தை மாற்றினால் 'உடல்' ஆகிவிடுகிறது; பொருளே வேறாகிறது. இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அவ்விடத்தில் வாலின் அமர்ந்துவிட்டால், உயிர்வளியை இழந்த நிலையில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைகிறது, நுண்குழாய்களை அடைக்கிறது, கடும் வலியையும் இரத்தசோகையையும் உண்டாக்குகிறது. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் நோய் இதுவே. 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒன்றே ஒன்று மாறியதன் விளைவு இது.

மடிப்புகள்: நான்கு நிலைகள்

சங்கிலி அப்படியே நீண்டு கிடப்பதில்லை. அதன் பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் சில ஒழுங்கான வடிவங்களைக் கொள்கின்றன. இது இரண்டாம் நிலை அமைப்பு. சுருள்கம்பி போன்ற ஆல்ஃபா சுருள் ஒருவகை. விசிறிமடிப்பாக மடித்த தாள் போன்ற பீட்டா மடிப்பு மற்றொருவகை. நம் தலைமுடியிலுள்ள கெரட்டினில் சுருள் மிகுதி. அதனால் முடியை இழுத்தால் சற்று நீள்கிறது. பட்டு இழையில் பீட்டா மடிப்பு மிகுதி. அதனால் அது உறுதியாக இருக்கிறதேயன்றி முடியைப் போல நீள்வதில்லை.

சுருள்களும் மடிப்புகளும் மேலும் மடிந்து முழு உருவம் பெறுவது மூன்றாம் நிலை. நீரை விரும்பாத பகுதிகள் உள்ளே ஒதுங்க, நீரை விரும்பும் பகுதிகள் வெளியே அமைகின்றன. இவ்வாறு மடிந்த சங்கிலிகள் இரண்டோ பலவோ சேர்ந்து ஒரே இயந்திரமாக இயங்குவது நான்காம் நிலை. ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளின் கூட்டு. அவற்றுள் ஒன்று உயிர்வளியைப் பற்றிக்கொண்டால் மற்றவையும் எளிதில் பற்றிக்கொள்ளும் வகையில் வடிவம் சற்று நெகிழ்ந்துகொடுக்கிறது.

புரத வடிவங்களைப் பற்றிய இந்த அறிவில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954இல் வெளியிட்டனர். பின்னர் 1963இல் இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை அளித்தனர். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிவோர் இராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டே அதைச் சரிபார்க்கின்றனர்.

வடிவம் குலைந்தால் பணி இல்லை

முட்டையின் வெண்கரு வெந்ததும் வெண்மையாகக் கெட்டிப்படுகிறது. அதில் அமினோ அமிலங்களின் வரிசை மாறவில்லை. மடிப்புகள் மட்டுமே குலைந்தன. இதனை இயல்பிழத்தல் என்பர். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச்சாறு விட்டதும் திரிவதும் இத்தகையதே. வெப்பம், அமிலம், உறைதல், கடுமையாகக் குலுக்குதல் ஆகியவை புரதத்தின் வடிவத்தைக் கெடுக்கக்கூடும்.

இன்சுலின் ஏன் மாத்திரையாக வருவதில்லை என்று பலர் கேட்கின்றனர். விடை இதுவே. விழுங்கினால் இரைப்பையின் அமிலம் அதன் மடிப்பைக் குலைக்கிறது; செரிமான நொதிகள் சங்கிலியைத் துண்டு துண்டாக்குகின்றன. குடலைக் கடந்து இரத்தத்தை அடைவது இன்சுலினன்று, அதன் உதிரிகளே. இதே காரணத்தால், விளம்பரங்களில் வரும் கொலாஜன் தூளை உண்டாலும் அது முழுக் கொலாஜனாகத் தோலையோ மூட்டையோ சென்றடைவதில்லை. பருப்பையும் மீனையும் போல அதுவும் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவுமே உடலுள் சேர்கிறது.

இன்சுலினைப் பாதுகாப்பதும் இதனையொட்டியதே. திறக்காத குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைபெட்டிக்கு அருகில் வைக்கலாகாது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் மீண்டும் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் அதனைப் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ள குப்பியை எவ்வளவு வெப்பத்தில், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, நீர் புகாத உறையிலிட்ட குப்பியை அதனுள் வைப்பது கோடைக்காலத்தில் உதவும். வெயிலில் நிற்கும் வாகனத்திலும் அடுப்பங்கரை அலமாரியிலும் வைக்கலாகாது. அளவு சரியாகப் போட்டும் சர்க்கரை திடீரென ஏறினால், மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டுவதற்கு முன் குப்பி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதை எங்களிடம் கூறுங்கள்.

புரதங்களின் வகைகள்

வடிவத்தைக் கொண்டு புரதங்களை மூன்று பெரும் பிரிவாகக் கொள்ளலாம்.

முதலாவது, இழைப் புரதங்கள். கொலாஜன், கெரட்டின் போன்றவை. இவை நீரில் கரைவதில்லை. உடலைத் தாங்கி நிற்பதே இவற்றின் பணி. கொலாஜன் உறுதி பெற உயிர்ச்சத்து சி தேவை. அது நெடுநாள் கிடைக்காவிடில் ஈறுகளில் இரத்தம் கசியும். புண்கள் ஆறுவது தாமதமாகும்.

இரண்டாவது, உருண்டைப் புரதங்கள். இவை நீரில் கரைந்து ஓடியாடிப் பணிபுரிபவை. வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகள், இன்சுலின் போன்ற இயக்குநீர்கள், ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற உருவம் கொண்டு கிருமிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்கள், உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இரத்த நீரில் மிகுதியாக உள்ள ஆல்புமின் ஆகியவை இப்பிரிவைச் சேர்ந்தவை.

மூன்றாவது, செல்லின் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள். இவை வாயில்களாகவும் செய்தி வாங்கும் ஏற்பிகளாகவும் அமைகின்றன. நாம் உட்கொள்ளும் மருந்துகளுள் பல இவற்றின்மீதே செயற்படுகின்றன.

சில புரதங்களுடன் வேறு பொருள்களும் இணைந்திருக்கும். ஹீமோகுளோபினில் இரும்புச்சத்து உள்ளது. அதனுடன் இரத்தச் சர்க்கரையும் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய சர்க்கரை சிவப்பணு அழியும்வரை நீங்குவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். எனவேதான் ஏ1சி என்ற பரிசோதனை கடந்த 2, 3 மாதங்களின் சர்க்கரை நிலையைக் காட்டுகிறது. சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் பத்தியம் காத்தால் அந்த எண் மாறிவிடாது.

சிறுநீரகத்தின் வடிகட்டியும் ஆல்புமினும்

இனி எங்கள் துறைக்கு வருவோம். ஆல்புமினைக் கல்லீரல் ஆக்குகிறது. 585 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி அது. பெரியவர்களின் இரத்தத்தில் 1 டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைப்பதும், கொழுப்பமிலங்களையும் பல மருந்துகளையும் சுமந்து செல்வதும் அதன் பணிகள்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அந்த வடிகட்டியின் வலையே புரதத்தால் ஆனதுதான். கொலாஜனின் ஒருவகை அதன் அடித்தளமாக அமைகிறது. நெஃப்ரின் முதலிய புரதங்கள் அதன் நுண்ணிய இடைவெளிகளைக் காக்கின்றன. ஆல்புமின் போன்ற பெரிய மூலக்கூறுகள் வெளியேறாதபடி இவ்வலை தடுக்கிறது. இந்தக் கொலாஜன் பிறவியிலேயே பிழையாக அமைந்தால் ஆல்போர்ட் நோய் உண்டாகிறது. சிறுநீரில் இரத்தமும் புரதமும் கசிவதோடு செவித்திறனும் குறையக்கூடும். சிறுநீரகக் கோளாறுள்ள இளைஞரிடம் குடும்பத்தில் யாருக்கேனும் காது கேளாமை உண்டா என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக வடிகட்டி அழற்சி ஆகியவற்றால் வலை பழுதுறும்போது ஆல்புமின் சிறுநீரில் கசிகிறது. நெடுநேரம் அடங்காத நுரை ஓர் அறிகுறியாகலாம். ஆனால் தொடக்கக் கசிவு கண்ணுக்குப் புலப்படாது. எனவே நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீர் ஆல்புமின், கிரியாட்டினின் விகிதத்தைப் பார்ப்பது நலம். 1 கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை தொடக்கநிலைக் கசிவு. அதற்கு மேல் மிகைக் கசிவு. காய்ச்சலும் கடும் உடற்பயிற்சியும் இவ்வெண்ணைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். ஆதலால் ஒரே அறிக்கையைக் கண்டு முடிவுக்கு வராமல் மீண்டும் சோதித்துப் பார்க்கிறோம்.

சிறுநீரில் காணப்படும் புரதம் எல்லாம் ஆல்புமினன்று. நலமான சிறுநீரகமே யூரோமாடுலின் என்ற புரதத்தைச் சுரந்து சிறுநீரில் விடுகிறது; ஒரு நாளில் மொத்தம் 150 மில்லிகிராமுக்கு உட்பட்ட புரதம் வெளியேறுவது இயல்பே. மாறாக, மல்டிபிள் மயலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோயில் எதிர்ப்பொருளின் சிறு சங்கிலிகள் மட்டும் பெருகிச் சிறுநீரில் இறங்குகின்றன. பட்டைச் சோதனை பெரும்பாலும் ஆல்புமினையே காட்டும், இச்சங்கிலிகளைத் தவறவிடக்கூடும். முதியவர் ஒருவருக்கு முதுகெலும்பு வலி, இரத்தசோகை, சிறுநீரகச் செயற்குறைவு ஆகியவை சேர்ந்து வரும்போது, பட்டைச் சோதனை இயல்பாக இருந்தாலும் நாங்கள் வேறு புரதச் சோதனைகளை எழுதுவதன் காரணம் இதுவே.

ஆல்புமின் குறைவு: உணவுக் குறைவு மட்டுமா?

அறிக்கையில் ஆல்புமின் குறைந்திருப்பதற்குக் காரணங்கள் பல. கல்லீரல் ஆக்காமல் இருக்கலாம், சிறுநீரகம் கசியவிடலாம், குடல் வழியாக இழக்கலாம், கடும் தொற்றோ அழற்சியோ அதன் உற்பத்தியைக் குறைத்திருக்கலாம். போதிய உணவின்மை இவற்றுள் ஒன்று மட்டுமே.

ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் கசியும் நெஃப்ராட்டிக் நிலையில் இரத்த ஆல்புமின் சரிகிறது. உப்பும் நீரும் உடலில் தங்கி முகமும் கால்களும் வீங்குகின்றன. இந்நிலையில் புரதமாவை மிகுதியாக உண்பது வடிகட்டியின் ஓட்டையை அடைக்காது. கசிவு மேலும் கூடவே வாய்ப்புண்டு. உணவில் புரதத்தை அறவே நிறுத்தினாலும் கசிவு நிற்காது, தசைகளே கரையும். கசிவைக் குறைப்பவை காரணநோய்க்கான சிகிச்சை, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு, அதற்கென உள்ள மாத்திரைகள், உப்புக் குறைப்பு ஆகியன. நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது.

எவ்வளவு உண்ணலாம்?

உண்ட புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. கொழுப்பைப்போல அவற்றைச் சேமித்துவைக்க உடலில் தனியிடம் இல்லை. தேவைக்கு மிஞ்சியவற்றின் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது இச்சுமையைக் குறைக்க வேண்டும் என்பதே கட்டுப்பாட்டின் காரணம்.

நலமுள்ள பெரியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பரிந்துரை. டயாலிசிஸ் தொடங்காத நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலருக்கு நாங்கள் கூறுவது கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கிராம். இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது என்பதைக் கவனியுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். 250 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு, 300 மில்லிலிட்டர் பால், ஒரு முட்டை ஆகிய அன்றாட உணவிலேயே ஏறத்தாழ 44 கிராம் கிடைத்துவிடுகிறது. கட்டுப்பாடு என்பது மிகையைத் தவிர்ப்பது, பட்டினி கிடப்பதன்று.

டயாலிசிஸ் தொடங்கியபின் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸில் நாள்தோறும் சில கிராம் புரதமே வெளியேறுகிறது. எனவே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். முன்பு கூறப்பட்ட கட்டுப்பாட்டை டயாலிசிஸ் காலத்திலும் அன்போடும் அச்சத்தோடும் தொடரும் குடும்பங்கள் உண்டு. தசை மெலிந்து, நடை தளர்ந்து, தொற்றுகளுக்கு எளிதில் ஆளாகும் நிலைக்கு அது இட்டுச்செல்லும். வீட்டில் யாரேனும் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தால் பழைய பத்தியச் சீட்டை எடுத்துவைத்துவிட்டுப் புதியதை உணவியல் வல்லுநரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். கல்லீரல் சுருக்க நோயிலும் புரதத்தைக் குறைப்பது இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. வளரும் குழந்தைகளுக்கு மருத்துவர் கூறாமல் எக்கட்டுப்பாடும் கூடாது.

சைவ உணவினர் கவலைப்பட வேண்டுவதில்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது போதிய அளவு உண்டு. இட்லியிலும் பொங்கலிலும் சாம்பார்சோற்றிலும் இவ்விரண்டும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. கடைகளில் கிடைக்கும் புரதமாவுகள் சிலவற்றில் பாஸ்பரசும் பொட்டாசியமும் மிகுதி. அவற்றை வாங்குமுன் உறையிலுள்ள பட்டியலை எங்களிடமோ உணவியல் வல்லுநரிடமோ காட்டுங்கள்.

அடுத்தமுறை அறிக்கையில் புரதம் என்ற சொல்லைக் காணும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது எந்தப் புரதம்? இரத்தத்தில் காணப்படுவதா, சிறுநீரில் காணப்படுவதா? இன்றைய நிலையில் உணவில் எத்தனை கிராம் வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான விடையை எண்ணாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். நோயின் நிலை மாறுந்தோறும் அந்த எண்ணும் மாறும்; ஆகவே தேதியிட்டுப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு வருகையிலும் உடன் கொண்டுவாருங்கள்.